கல்லும் சொலவடையும்: சிற்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிற்பம் என்று பேச்செடுத்தாலே நாலு பழமொழியும் இரண்டு மேற்கோளும் கூடவே வந்துவிடும். அவற்றில் சில மேடையில் மட்டும்தான் எடுபடும். சிலவற்றை இன்றைக்கும் கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியின் சிற்பப் பட்டறையில் உளியோடு வைத்துச் சரிபார்க்கலாம். சுசீந்திரம், திருவட்டாறு, சிதறால் என்று சுற்றிப் பார்க்க வருகிறவர்களும், சிலை செய்யக் கொடுக்க நினைக்கிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

‘கல்லுக்குள் சிலை இருக்கிறது, வேண்டாததை நீக்கினால் போதும்’ என்று சொன்னது மைக்கேலாஞ்சலோவா?

அந்தச் சொற்களில் அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. ‘கல்லில் தேவதையைக் கண்டேன், அது விடுதலையாகும்வரை செதுக்கினேன்’ என்பதும் அப்படியே. பிற்காலத்தில் யாரோ எழுதியதை அவர் பெயரில் ஏற்றிவிட்டார்கள். அவர் உண்மையில் எழுதியவை இரண்டு. ஒன்று ஒரு கவிதை: மிகச் சிறந்த கலைஞனின் மனத்தில் எழும் எந்த எண்ணமும் ஒரு பளிங்குக் கல்லுக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது, அறிவுக்குக் கீழ்ப்படியும் கை மட்டுமே அதைச் சென்றடையும் என்பது அதன் கருத்து. இன்னொன்று வார்க்கி என்ற அறிஞருக்கு எழுதிய கடிதம். எடுத்து எடுத்துச் செய்வதைத்தான் நான் சிற்பம் என்கிறேன், சேர்த்துச் சேர்த்துச் செய்வது ஓவியத்தைப் போன்றது என்று அதில் சொல்கிறார். பள்ளி ஆண்டுவிழாவுக்கோ புகைப்படத்தின் கீழே போடவோ மேற்கோள் தேடுகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ‘வேண்டாததை நீக்கினால் போதும்’ என்பதில் அந்தப் ‘போதும்’தான் வம்பு. எதை முதலில் நீக்குவது, எதைக் கடைசிவரை விட்டுவைப்பது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

அப்படியானால் எந்த வரிசையில் நீக்குகிறார்கள்?

முதலில் கல்லின் எந்தப் பக்கம் முகம் என்று முடிவு செய்ய வேண்டும். நிலத்தில் கவிழ்ந்து கிடந்த பக்கமே முன்பக்கம் என்பது சிற்ப நூல்களின் விதி. வெயிலும் மழையும் அதிகம் படாத பக்கம் அதுதான் என்பதால் நடைமுறைக்கும் பொருந்துகிறது.

முன்பக்கத்தைப் பொளிந்து சமமாக்கி, செங்காவி தோய்த்த நூலால் நட்டநடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு அடிப்பார்கள். அதற்குப் பிரம்ம சூத்திரம் என்று பெயர். அதே கோடு தலை வழியாகப் பின்பக்கமும் இறங்கும். உளி பட்டுக் கோடு அழிய அழியத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே போக வேண்டும். சோம்பல்பட்டு ஒரு தடவை விட்டால், நேராக நிற்க வேண்டிய உருவத்தின் மூக்கு ஒரு பக்கம், தொப்புள் ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

பிறகு பார்ப்பவர் பக்கம் மிகவும் துருத்தி வரும் இடங்களைக் குறிப்பார்கள்: மூக்கு நுனி, மார்பு, முழங்கால், கால் விரல். இவற்றை மேடாக வைத்துக்கொண்டு மற்றதைப் பின்னோக்கி இறக்குவது முறை. முதல் சுற்றில் எல்லா இடத்திலும் அரை அங்குலமாவது கூடுதலாக விட்டுவைப்பார்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் துளைப்பது கடைசியில்தான். முதலிலேயே துளைத்துவிட்டால் மற்ற இடத்தில் விழும் ஒவ்வொரு அடியின் அதிர்வும் மெலிந்த கைக்குப் போய்ச் சேரும். முழங்கையில் கீறல் விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

உளியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேர்க்குத்தாக ஓங்கி அடித்தால் கல்லுக்குள் நசுங்கல் விழும். கொத்தும்போது அது தெரியாது. மெருகேற்றி முடித்தபின் வெள்ளைப் புள்ளியாக மேலே வந்து நிற்கும், என்ன தேய்த்தாலும் போகாது. கடைசி அரை அங்குலத்தைச் சிறிய சுத்தியலால் மட்டும் எடுப்பதற்குக் காரணம் இதுதான். வழிபாட்டுச் சிலையில் கண் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசி வேலை.

‘ஓசை உள்ள கல்லை நீ உடைத்து இரண்டாய்ச் செய்துமே’ என்கிறாரே சிவவாக்கியர். கல்லுக்கு ஓசை உண்டா?

உண்டு. சிவவாக்கியர் சொல்ல வந்தது வேறு: ஒரே கல்லை இரண்டாக உடைத்து ஒரு துண்டை வாசற்படியாக மிதிக்கிறீர்கள், மறு துண்டுக்குப் பூவும் நீரும் சாத்துகிறீர்கள், ஈசனுக்கு உகந்தது எது என்று கேட்கிறார். ஆனால் அந்த ‘ஓசை உள்ள கல்’ வெறும் அலங்காரமாக வந்த சொல் இல்லை. கல் தேர்வு தொடங்குவதே ஓசையில்தான்.

மணியோசை போல் ஒலிப்பது ஆண் கல், கைத்தாளத்தைப் போல் ஒலிப்பது பெண் கல், ஓசை எழாதது அலிக் கல் என்று நூல்கள் பிரிக்கும். ஆண் கல் ஆண் தெய்வ உருவத்துக்கும், பெண் கல் அம்மன் உருவத்துக்கும் பீடத்துக்கும், மூன்றாவது தளத்துக்கும் படிக்கும் என்பது வழக்கம்.

நீங்களே சோதிக்க வேண்டுமானால் கல்லை மண்ணில் கிடத்தித் தட்டாதீர்கள். மண்ணில் கிடக்கும் நல்ல கல்லும் ‘டொக்’ என்றுதான் சொல்லும். இரண்டு மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அரை அடிக்கு ஒரு தட்டாகச் சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். ஓசை ஓர் இடத்தில் மட்டும் செத்தால் அங்கே உள்விரிசல் இருக்கலாம். அடுத்து கல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக் காயவிடுங்கள். மேற்பரப்பு வெளுத்த பிறகும் நூல் போல ஒரு கறுப்புக் கோடு ஈரமாகவே நின்றால், அதுதான் விரிசல். அந்தக் கோடு முகத்திலோ கழுத்திலோ கணுக்காலிலோ வரும்படி இருந்தால் கல்லை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பீடத்தின் மூலையில் வந்தால் பெரிதாகப் பாதிக்காது.

நம் மாவட்டத்துக் கல் சிலைக்கு நல்லதா?

இங்கே கிடைப்பதில் நீலம் பாய்ந்த கரும்பச்சை நிறத்துச் சார்னோகைட் உண்டு. வரிவரியான நைஸ் பாறையும் உண்டு. முதலாவது இறுகிய கல். உளியைத் தின்னும், ஆனால் மெருகு நன்றாக ஏறும். இரண்டாவதில் வரியின் ஓட்டம் பார்க்க வேண்டும். வரி குறுக்கே ஓடும் இடத்தில் விரலோ வாளோ வந்தால் அந்த வரியோடு சேர்ந்து பெயர்ந்துவிடும். அதில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிவது கார்னெட். கன்னியாகுமரிக் கடற்கரை மணலுக்குச் சிவப்பு தருவதும் அதுவே. சுற்றியுள்ள கல்லைவிடக் கடினமானது என்பதால் உளி பட்டதும் முழுசாகத் தெறித்துக் குழி விழும். கார்னெட் அடர்ந்த கல்லை உரலுக்கும் தூணுக்கும் விட்டுவிட்டு, முகம் செதுக்கத் துகள் சிறுத்த கல்லை எடுப்பதே நல்லது.

அளவு எப்படிப் போடுகிறார்கள்? ‘முகமே அளவு’ என்கிறார்களே?

முகத்தை வைத்து உடம்பை அளப்பது தாள முறை. சிவன், திருமால் போன்ற உருவங்களுக்கு உத்தம தசதாளம். மொத்த உயரத்தை 124 பங்காகப் பிரிக்க வேண்டும். மேலிருந்து கீழாக இப்படிப் போகும்: உச்சி 4, முகம் 13½, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்புவரை 13½, மார்பிலிருந்து தொப்புள்வரை 13½, தொப்புளிலிருந்து குறிவரை 13½, தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. கூட்டிப் பாருங்கள், 124 வரும். அம்மன் உருவங்களுக்கு 120 பங்கு.

62 சென்டிமீட்டர் சிலை என்றால் ஒரு பங்கு அரை சென்டிமீட்டர். முகம் 6.75, தொடை 13.5. கிரீடம் இந்தக் கணக்கில் சேராது. புதிதாகச் செய்யக் கொடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ‘இரண்டு அடி சிலை’ என்று மட்டும் சொன்னால் கிரீடமும் பீடமும் அதற்குள்ளேயே அடங்கி, உருவம் ஒன்றேகால் அடிக்குச் சுருங்கிப்போகும். உருவம் எவ்வளவு, கிரீடத்தோடு எவ்வளவு, பீடத்தோடு எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியே எழுதிக் கொடுங்கள்.

‘மரத்தை மறைத்தது மாமத யானை’, ‘கல்லைக் கண்டால் நாயைக் காணோம்’. இந்த இரண்டும் ஒன்றுதானா?

சிற்பத்தைப் பார்க்கும் முறையைச் சொல்வதில் இரண்டும் பக்கத்தில் வருகின்றன. திருமூலர் பாட்டில், மர யானையை யானையாகப் பார்த்தால் மரம் மறைகிறது, மரமாகப் பார்த்தால் யானை மறைகிறது. பரமும் பூதமும் அப்படி என்று அதிலிருந்து மேலே போகிறார். பழமொழியில் அந்த ஏற்றம் இல்லை. வேண்டியது இருக்கும்போது வேண்டிய இன்னொன்று இல்லாமல் போகும் எரிச்சலுக்கே ஊரில் அதைச் சொல்கிறார்கள்.

எங்களுக்குப் பிடித்தது திருமூலர் வாக்குதான். ஏனென்றால் அதைக் கோயிலில் செய்து பார்க்கலாம். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் பிரகாரத்தில் தூணுக்குத் தூண் விளக்கு ஏந்திய பெண் உருவங்கள் நிற்கின்றன. முதலில் ஏழெட்டுத் தூண்களை உருவமாக மட்டும் பாருங்கள்: கொண்டை, நகை, இடுப்பின் ஒடிவு, இதழோரம். ஒரே மாதிரி நிற்பதாகத் தோன்றும் வரிசையில் எதுவும் ஒன்றுபோல் இருக்காது. பிறகு திரும்பி வந்து அதே தூண்களைக் கல்லாகப் பாருங்கள். விளக்கேந்திய கை எவ்வளவு தூரம் வெளியே நீள்கிறது, முழங்கை உடம்போடு எங்கே ஒட்டுகிறது, எந்த இடத்தில் தாங்கலுக்காகக் கல்லை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். கல் அழுத்தத்தைத் தாங்கும். வளைவதையும் இழுபடுவதையும் தாங்காது. நீட்டிய கையில் சிற்பி கல்லோடு செய்துகொண்ட பேரம் அது.

வெளிச்சமும் முக்கியம். புடைப்புச் சிற்பத்துக்குப் பக்கவாட்டு வெயில் வேண்டும். உச்சி வெயிலில் சிதறால் மலையின் சமணத் தீர்த்தங்கரர் வரிசை தட்டையாகத் தெரிகிறது என்று குறைப்படுகிறவர்கள் காலையிலோ சாயங்காலமோ ஏறினால் நிழல் விழுந்து உருவம் எழும்பும். அவை 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

‘பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது’ ஏன்?

பழமொழியில் ‘பிடிக்க’ என்று இருப்பதைக் கவனியுங்கள், செதுக்க இல்லை. களிமண்ணில் தொங்கும் துதிக்கைதான் முதலில் விழும். விழுந்த பிறகு மிஞ்சுவது துருத்திய வாயும் உப்பிய வயிறும். மண் அதிக ஈரமாக இருந்தால் துதிக்கை தன் எடையிலேயே இறங்கும். காய்ந்த முகத்தில் ஈரத் துதிக்கையை ஒட்டினால் காயும்போது இரண்டும் வெவ்வேறு அளவு சுருங்கி, ஒட்டிய இடத்தில் விடும். ஒட்டும் இடம் இரண்டையும் கீறி, குழைத்த மண் தடவி, இரண்டும் ஒரே பதத்தில் இருக்கும்போது ஒட்ட வேண்டும். துதிக்கையை வயிற்றின் மேல் படிய வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

சேர்த்துச் செய்யும் பெரிய சிற்பங்கள் இந்த மாவட்டத்தில் உண்டா?

சேர்ப்பது சிற்பமே ஆகாது என்று கறாராகச் சொல்கிறவர்கள் திருவட்டாறுக்கு ஒரு தடவை போய்வர வேண்டும். அங்கே பள்ளிகொண்ட 22 அடிப் பெருமாள் கல்லில் செதுக்கப்பட்டவர் இல்லை, கடுசர்க்கரை யோகம். மரத்தால் எலும்புக்கூடு போலச் சட்டம் கட்டி, அதன் மேல் கயிறு சுற்றி, மண், பிசின், மூலிகைச் சாறு முதலியவை சேர்ந்த கலவையை அடுக்கடுக்காகப் பூசி உருவாக்கும் முறை அது. ஓர் அடுக்கு நன்றாகக் காய்ந்த பின்தான் அடுத்தது. அவசரப்பட்டால் உள்ளே ஈரம் சிக்கி மேல் அடுக்கு வெடிக்கும். இப்படிச் செய்த மூலவருக்கு நீர் அபிஷேகம் கிடையாது. அது வேறு திருமேனிக்கு நடக்கும். சுசீந்திரத்தின் மாக்காளை என்ற பெரிய நந்தியும் சுதை வேலைதான், சுண்ணாம்புச் சாந்தில் செய்தது. உயரம் 13 அடி, நீளம் 21 அடி. அதே கோயிலில் 18 அடி அனுமன் ஒற்றைக் கல். இரண்டையும் ஒரே நடையில் பார்த்தால் சேர்ப்புக்கும் எடுப்புக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படும்: காளையின் வளைவுகள் உப்பியும் வழிந்தும் போகும்; அனுமனில் எல்லாம் ஒரு கற்பாளத்தின் எல்லைக்குள் அடங்கி நிற்கும்.

வள்ளுவர் சிலை ஒரே கல்லா?

இல்லை. கற்களை வரிசை வரிசையாக அடுக்கிக் கட்டியது, உள்ளே வெற்றிடம். வை. கணபதி ஸ்தபதி வடிவமைத்து 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. பீடம் 38 அடி அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு, சிலை 95 அடி மற்ற இரு பாலுக்கும், மொத்தம் 133. முகம் மட்டும் 10 அடி. முகத்தளவை மேலே சொன்ன தசதாளக் கணக்கில் போட்டுப் பாருங்கள்: 95-ஐ 124-ஆல் வகுத்து 13½-ஆல் பெருக்கினால் 10 அடியைச் சற்றே தாண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியையும் தாங்கி நின்றது.

அதன் பெரிய எதிரி அலையல்ல, உப்பு. உப்புக் காற்று கல்லின் நுண்துளைக்குள் புகுந்து, காயும்போது படிகமாகி மேல்தோலைப் பொரிக்கும். அதனால்தான் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சாரம் கட்டிக் கழுவி, காகிதக் கூழ் ஒட்டி உப்பை உறிஞ்சி எடுத்து, அதன் பிறகு ரசாயனப் பூச்சு கொடுக்கிறார்கள். உப்பை எடுக்காமல் பூச்சு மட்டும் அடித்தால் உப்பு உள்ளேயே பூட்டிக்கொள்ளும், கெடுதல்தான் மிஞ்சும்.

சுசீந்திரம் இசைத் தூணைத் தட்டிப் பார்க்கலாமா?

கூடாது. அலங்கார மண்டபத்தின் நான்கு பெரிய தூண்களும் சிறு தூண்கள் சேர்ந்த கொத்துகள். வடக்கே உள்ளவற்றில் 33, தெற்கே உள்ளவற்றில் 25. ஒரே நீளமுள்ள இரண்டு தூண்களில் பருத்தது உயர்ந்த சுருதியும் மெலிந்தது தாழ்ந்த சுருதியும் தரும். வீணைக் கம்பிக்கு நேர்மாறு. நீளம் கொஞ்சம் குறைந்தாலும் சுருதி வேகமாக ஏறும். ஒவ்வொரு தட்டும் நுண்விரிசலை வளர்க்கும். விரிசல் விழுந்த தூண் பிறகு பாடாது.

‘சித்திரமும் கைப்பழக்கம்’. எவ்வளவு நாள் பழகினால் சிலை செய்யலாம்?

அவ்வையார் பாடலின் முதல் அடிதான் எல்லார் வாயிலும் இருக்கிறது. நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம் என்று முடிவில் சொல்வதை விட்டுவிடுகிறார்கள். கை வேலையைப் பழகித்தான் பெற வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பட்டறையில் முதலில் தருவது உளி தோய்ச்சல் (உளி முனையைக் காய்ச்சித் தோய்த்துப் பதமேற்றுவது), சமமாகப் பொளிதல், அம்மி, ஆட்டுக்கல். அம்மியை இளப்பமாக நினைக்க வேண்டாம். ஒரே ஆழத்தில் ஒரே இடைவெளியில் ஆயிரம் கொத்து விழ வேண்டும். ஒரு கொத்து ஆழமானால் அரைக்கும்போது அங்கே மசால் தங்கும். வீட்டுப் பெண்கள் அதை உடனே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள். உளி தோய்ச்சலில் பிழை எளிதாகத் தெரியும். பதம் கூடினால் முனை உடையும், குறைந்தால் மழுங்கி மடங்கும். அடுத்து பூவேலை, பீடம், ஆடை மடிப்பு. முகத்துக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். பட்டம் படித்துச் செய்ய விரும்புவோருக்கு 1957-இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது.

‘உளி படாத கல் சிலையாகாது’ என்கிறார்கள். இப்போது மெஷினில்தானே செய்கிறார்கள்?

முதல் உருவெடுப்புக்கு வைர பிளேடு போட்ட கிரைண்டர் எல்லா இடத்திலும் வந்துவிட்டது. அரை அங்குலத்துக்கு ஒன்றாக வரிசையாகக் கீறி, நடுவில் நிற்கும் பட்டைகளைத் தட்டிப் பெயர்ப்பார்கள். நாள் கணக்கு வேலை மணிக்கணக்கில் முடியும். தவறு வருவது பிளேடு வேண்டியதைவிட ஆழம் போகும்போது. கன்னத்தில் விழுந்த கீறலைச் சரிசெய்ய முகம் முழுவதையும் உள்ளே இறக்க வேண்டியிருக்கும். கழுத்து நீண்டு, முகம் சிறுத்த சிலைகளைப் பார்த்தால் காரணத்தை ஊகிக்கலாம்.

தூசிதான் பெரிய ஆபத்து. கருங்கல் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வரும், வந்தால் குணமாகாது. தண்ணீர் சொட்டவிட்டு அறுப்பது, என்95 தரத்துக்குக் குறையாத முகக்கவசம், வேலை உடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் இருப்பது, இந்த மூன்றும் கட்டாயம். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும் தூசு நிற்கும். தெரியாததுதான் உள்ளே போய்க் கொல்லும்.

விரல் உடைந்த சிலையை ஒட்டலாமா?

வழிபாட்டுச் சிலை என்றால் அது ஆகமம் அறிந்தவரிடம் கேட்க வேண்டியது. தோட்டத்தில் வைத்த அலங்காரச் சிலை என்றால் எபாக்சி பசையால் ஒட்டலாம். விரல் போன்ற மெலிந்த பகுதியில் உள்ளே மெல்லிய எவர்சில்வர் கம்பி கொடுத்தே ஒட்ட வேண்டும். இரும்புக் கம்பி வேண்டாம். கடற்கரைக் காற்றில் துருப்பிடித்துப் பெருத்து, ஒட்டிய இடத்தைவிடப் பெரிய துண்டாக உடைத்துவிடும்.

வீட்டில் உள்ள கற்சிலையை எப்படிச் சுத்தம் செய்வது?

நல்ல தண்ணீர், மென்மையான நார்த் தூரிகை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தால் சிகைக்காய்த் தூளைக் குழைத்துப் பூசிச் சற்று ஊறவிட்டுக் கழுவலாம். ஆசிட், கம்பித் தூரிகை, மணல் வீச்சு மூன்றும் வேண்டாம். மணல் வீசினால் அழுக்கோடு உளித்தடமும் போய், கண் இமையும் நகமும் மொண்ணையாகிவிடும்.

சிலை வாங்கி எடுத்துவர எடை தெரிய வேண்டுமே?

கருங்கல் ஒரு கன அடி ஏறத்தாழ 76 கிலோ. மூன்றரை அடி உயரம், ஒன்றரை அடி அகலம், ஓரடி கனம் என்றால் ஐந்தேகால் கன அடி. அந்தக் கல் செதுக்கும் முன் சுமார் 400 கிலோ இருக்கும். முடிந்த சிலையின் எடை அதில் எவ்வளவு என்பது உருவத்தைப் பொறுத்தது. வண்டியில் நிறுத்தி வைக்காமல் மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்கும் கழுத்துக்கும் அடியில் வைக்கோலோ மணல் மூட்டையோ கொடுங்கள். கழுத்தடி காலியாக இருந்தால் கழுத்து முறிய ஒரு குண்டுகுழி போதும்.

ஒரே நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்?

காலையில் சிதறால், பிறகு திருவட்டாறு, அங்கிருந்து பத்மநாபபுரம் அரண்மனை, மாலையில் சுசீந்திரம். அரண்மனையில் மர வேலையைப் பாருங்கள். நுழைவு மண்டபக் கூரையில் 90 வகைப் பூக்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. கோயில்கள் நடுப்பகலில் நடை சாத்தும். திருவட்டாறிலும் சுசீந்திரத்திலும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். நேரம் இருந்தால் நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் உள்ள சமணத் தீர்த்தங்கரர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். வள்ளுவர் பாறைக்கு வேறு நாள் ஒதுக்குங்கள். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது.